கொல்லிப் பண்ணும் நடுவர் தாளும்

தேவாரத்தை இசையோடு ஓதுவதா, உரைநடைபோற் படித்துச் செல்வதா என்னும் வழக்கு நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்று இல்லை. இசையோடு ஓதுதலே முறை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆண்டுதோறும் வட்டாரம், மாநிலம், நாடு என்று படிப்படியாகத் திருமுறை ஓதும் போட்டிகள் நடைபெறுகின்றன. குழந்தைகள் வெண்ணீறு அணிந்து, கைகூப்பி நின்று பாடக் கேட்பது கண்ணுக்கும் செவிக்கும் விருந்து. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் இத்தகைய போட்டிகளில் நடுவர் கையில் தரப்படும் தாளில் 'பண்' என்றொரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் நாம் எதனை அளக்கின்றோம் என்று ஒருமுறையேனும் நின்று கேட்டதுண்டா? நானும் சில போட்டிகளில் நடுவராக அமர்ந்து அக்கட்டத்தை நிரப்பியவன். எதனை அளந்தேன் என்று அப்போது எவரேனும் கேட்டிருந்தால் நேரான விடை கூறியிருக்க மாட்டேன்.

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது ஒரு சிறுமியால். பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு படித்தவள். (ஊரின் பெயர் இன்று பெஸ்தாரி ஜெயா; எங்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது.) போட்டிக்கு அவள் எடுத்துக்கொண்டது, அப்பர் பெருமான் சூலை நோய் தீரவேண்டித் திருவதிகையில் பாடிய முதற் பதிகம். அதற்குப் பண் கொல்லி. சிறுமியின் பாட்டனார் வயிற்றுவலி கண்டவர் வீட்டில் அப்பதிகத்தைப் பாடி நீறு பூசுபவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் பலர் பட்டணம் பெயர்ந்த பிறகும், மாரியம்மன் கோயிலில் வெள்ளிதோறும் பாடிக்கொண்டிருந்தவர். அவரிடம் கேட்ட மெட்டிலேயே சிறுமி பாடினாள். நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கிய எளிய மெட்டு. இன்ன இராகம் என்று பெயர் சொல்ல இயலாதது.

பண்ணுக்கு வகுத்த முப்பது மதிப்பெண்ணில் அவளுக்குக் கிடைத்தது எட்டு. 'கொல்லிக்கு நவரோசு, இது நவரோசு அன்று' என்பது நடுவர் கூறிய காரணம். முதற்பரிசு பெற்ற பிள்ளை அதே பதிகத்தை நவரோசில், ஒலிநாடாவிற் கேட்டபடியே குழைத்துப் பாடினான். குரல் இனிமை. ஆனால் மூன்றிடங்களில் சொல்லின் நடுவே மூச்சு வாங்கினான். ஓரிடத்தில் அடி முடியுமுன்னரே நிறுத்தி அடுத்த சொல்லை அடுத்த அடியோடு ஒட்டினான். தாளில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.

நடுவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. அன்று நானும் அவர் கட்சியே. பள்ளிக்குத் திரும்பியதும் சிறுமியை அழைத்து, 'தாத்தா மெட்டை விட்டுவிடு அம்மா, பதிவைக் கேட்டுப் பழகு' என்று சொன்னவன் நான்தான். அவளும் பழகினாள், மறு ஆண்டு பரிசும் பெற்றாள். அவள் பரிசு வாங்கிய அன்று, பாட்டனாரின் மெட்டு அவள் நாவை விட்டு நீங்கியிருந்தது. அது சரியா, தவறா என்று சில ஆண்டுகளாக நூல்களைப் புரட்டியும் ஓதுவார்கள் பாடக் கேட்டும் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

பதிகத்தின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பண்ணின் பெயர் நமக்கு எதனைத் தெரிவிக்கின்றது? ஒரு பெயரைத் தெரிவிக்கின்றது, அவ்வளவே. சுரங்களைத் தெரிவிப்பதில்லை. ஏட்டில் சுரம் எழுதும் வழக்கம் அந்நாளில் தேவாரத்துக்கு இல்லை. யாழ்மூரியைத் தனியே நிறுத்தினால் தேவாரப் பண்கள் 23 என்பது பொதுக் கணக்கு. இப்பண்களுக்கு நேரான இராகங்கள் இவை என்று ஓதுவார் மரபு கூறுவதை இசைத்தமிழ் ஆய்வாளர்கள் பட்டியலிட்டுள்ளனர். நட்டபாடைக்கு நாட்டை, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, கௌசிகத்துக்குப் பைரவி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், செந்துருத்திக்கு மத்தியமாவதி என்று அப்பட்டியல் செல்லும். (செந்துருத்தியில் தேவாரம் முழுவதிலும் ஒரே ஒரு பதிகந்தான் உண்டு, சுந்தரர் திருவாரூரிற் பாடியது.)

பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு எல்லாம் செவ்வனே அமைந்துள்ளதாகத் தோன்றும். சற்றே ஊன்றிப் பார்க்க. கொல்லிக்கு நவரோசு. கொல்லிக்கௌவாணத்துக்கு எது? நவரோசு. காந்தாரத்துக்கு? நவரோசு. பியந்தைக்காந்தாரத்துக்கு? அதுவும் நவரோசே. தக்கராகம், தக்கேசி இரண்டுக்கும் காம்போதி. நட்டராகம், சாதாரி இரண்டுக்கும் பந்துவராளி. நான்கு பெயர்களை நான்கு பண்களுக்கு இட்டு, பதிகங்களை நான்கு கூறாகப் பிரித்து வைத்த முன்னோர், நான்கையும் ஒரே வகையிற் பாடியிருப்பரோ? அவ்வாறாயின் பிரித்ததன் பயன் யாது? நான்கும் ஒரு காலத்தில் வேறு வேறாக ஒலித்தன. இடையில் வேறுபாடு மங்கி ஒன்றாயின என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்துவது. பட்டியல் பொய் என்பது என் கருத்தன்று. ஓதுவார்கள் பாடிவருவதை அது நேர்மையாகவே கூறுகின்றது. ஆனால் அது கூறுவது அண்மை நூற்றாண்டுகளின் வழக்கு. ஏழாம் நூற்றாண்டின் வழக்கு அன்று.

நவரோசு என்னும் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். அது பாரசீகச் சொல். 'புதுநாள்' என்பது பொருள். அந்நாட்டாரின் புத்தாண்டு நாளுக்குப் பெயர். அப்பெயர் கொண்ட இராகம் நம் கோயில்களில் அப்பரின் முதற் பதிகத்துக்கு உரியதாயிற்று. இதில் இழிவு ஒன்றும் இல்லை. மேற்சட்சத்தை எட்டாமல் பஞ்சமத்தளவில் நின்று உலவும் அடக்கமான இராகம் அது. நோயுற்றவன் முறையீட்டுக்கு மிகப் பொருந்துவது. யாரோ ஓர் ஓதுவாரின் நல்ல செவி அதனைத் தேர்ந்திருக்கவேண்டும். நான் மறுப்பது ஒன்றைத்தான். அந்த நல்ல தேர்வை அப்பரே இட்ட ஆணையாக்கி, அதனைப் பாடாத சிறுமிக்கு மதிப்பெண் குறைப்பது பொருந்தாது.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் கருதவேண்டும். அப்பர் பதிகங்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பண்ணின் பெயர் பெற்றவை நான்காம் திருமுறையின் முதல் 21 பதிகங்களே. எஞ்சியவை திருநேரிசை, திருவிருத்தம், திருக்குறுந்தொகை, திருத்தாண்டகம் என்று யாப்பின் பெயராலேயே வகுக்கப்பட்டுள்ளன. பிள்ளையொருவன் திருத்தாண்டகம் பாடினால் நடுவர் 'பண்' கட்டத்தை எவ்வாறு நிரப்புவார்? அரிகாம்போதியிற் பாடினானா என்று பார்ப்பார். அரிகாம்போதி அங்கே வழக்கு. தலைப்பில் எழுதியிருப்பதோ தாண்டகம் என்னும் யாப்பு. திருமுறையை வகுத்தவர்கள் அப்பர் பாடல்களிற் பெரும்பகுதிக்குப் பண் கூறாது யாப்பையே கூறினர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பண் மறைந்த கதையும் மீண்ட கதையும் உங்களுக்குத் தெரிந்ததே. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதனைக் கூறுகின்றது. தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து காண்கின்றனர், பெரும்பகுதியைக் கறையான் அரித்துவிட்டது, எஞ்சியதைத் தொகுக்கின்றனர். சொல் கிடைத்தது, இசை கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவர் வாயிலாகப் பண் அமைத்தனர் என்பது வரலாறு.

இக்கதையை எழுத்தெண்ணி நம்புவோர் உண்டு; கட்டுக்கதை என்று தள்ளுவோரும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. தேவாரம் பாடுதல் அறவே அற்றுப்போயிருந்தது என்று கொள்ளக் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர்க்கு நிவந்தம் பேசப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1014இல், திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஐம்பதின்மர்க்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடத் தெரிந்தவர் இல்லாமலா நாற்பத்தெண்மரை ஓரிடத்தில் திரட்டமுடியும்? ஆயினும் கதையின் உட்கருத்தைத் தள்ளுவதற்கில்லை. சொல் ஏட்டில் வாழ்ந்தது, இசை ஆளில் வாழ்ந்தது என்று அக்கதை கூறுகின்றது. ஏடு அழிந்தபோது இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆள் அழிந்தபோது என்ன போயிற்று என்று எவரும் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

திருவாமாத்தூர்க் கல்வெட்டு ஒன்றை இங்கே கூறாமல் விடமுடியாது. அக்கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றோர் பதினறுவரும், அவர்களுக்குக் கண்ணாக இருந்து அழைத்துச் செல்ல இருவரும் அமர்த்தப்பட்டனர். அறச்செயலாகவும் அதனைக் கொள்ளலாம். நான் அதில் வேறொன்றையும் காண்கின்றேன். ஏட்டைத் தொடாத பதினாறு பேர் பாடியது பிழையற்றது என்று ஒரு பெருங்கோயில் ஏற்றுக்கொண்டது. செவியே அவர்களுக்கு ஏடு. எங்கள் தோட்டத்துப் பெரியவரை நான் மதிப்பிட்டபோது இக்கல்வெட்டு என் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்; வரவில்லை.

இனி, புனித ஒலியைக் காக்கும் பிற மரபுகள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன என்று பார்த்தல் நலம். வேதம் ஓதுவோர் சொல்லையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் ஒருங்கே கட்டிவிட்டனர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் சுர வேறுபாடு பிறழ்ந்தால் ஓதுதலே பிழை. அது பிறழாதிருக்கச் சொற்களைப் பிரித்தும், இரண்டிரண்டாகக் கோத்தும், முன்பின்னாக மாற்றியும் ஓதும் பதம், கிரமம், சடை, கனம் என்னும் பாடமுறைகளை வகுத்தனர். ஒரு சொல் தவறினால் அடுத்த கோவையில் அது காட்டிக்கொடுத்துவிடும். கணக்கனின் பேரேட்டில் இருபுறமும் ஒத்துவருவதுபோன்ற ஏற்பாடு அது.

நம் அண்டை வீட்டார் முறை வேறு. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கமுதல் நம் நாட்டில் பன்னாட்டுத் திருக்குர்ஆன் ஓதும் போட்டி நடந்துவருவதை யாவரும் அறிவோம். அங்கே எழுத்தொலிப்பு விதிகளான தஜ்வீது ஒரு கூறு. இசைநயமாகிய தரன்னும் வேறொரு கூறு. சொற்றெளிவு, குரல் ஆகியவை தனித்தனிக் கூறுகள். எந்த எழுத்தை எவ்வளவு நீட்டவேண்டும், எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தலாகாது என்பதற்கு விதி உண்டு. அதில் எவர்க்கும் விலக்கில்லை. ஆனால் எந்த வசனத்தை எந்த இசையில் ஓதுவது என்பது ஓதுவார் தேர்வு. பயாத்தியில் தொடங்கி ஹிஜாசுக்கு மாறலாம், திரும்பியும் வரலாம். சொல் கட்டுண்டது, இசை கட்டற்றது.

சீக்கியர் நிலை நம் நிலைக்கு மிக நெருங்கியது. 1604இல் தொகுக்கப்பட்ட அவர்களின் ஆதி கிரந்தம் நம் பண்முறைத் தேவாரம்போல இராக வரிசையில் அமைந்தது. இன்று அந்நூலில் 31 இராகங்கள். தலைப்பில் இராகத்தின் பெயர் உண்டு, சுரம் இல்லை. நரம்புக் கருவிகள் போய் ஆர்மோனியம் வந்தபின் அவர்களுக்கும் இதே கவலை. 2022இல் பொற்கோயிலிலிருந்து ஆர்மோனியத்தைப் படிப்படியாக நீக்கி, பழைய நரம்புக் கருவிகளை மீட்கவேண்டுமென்று அகால் தக்த் பணித்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி 1971 வரை உள்ளே விடாதிருந்ததையும் இங்கே நினைவுகூரலாம். கட்டைகள் நிலையாக நிற்கும் கருவியில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட குழைவு எழாது என்பது அதன்மேல் சொல்லப்பட்ட குற்றம். நம் கோயில் பசனைகளில் அப்பெட்டியே ஆசான். அதன்வழியே நம் பிள்ளைகள் தேவாரம் பழகுகின்றனர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகம் யாழ்ப்பாணரின் யாழிலேயே அடங்கவில்லை என்று சேக்கிழார் கூறுவதைப் படித்துக்காட்டிவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே பிள்ளைகளை ஆர்மோனியத்தின்முன் அமர்த்துகின்றோம்.

ஆக, தேவாரத்தில் கட்டுண்டது எது, கட்டற்றது எது? பண்ணின் பெயர் கட்டுண்டது. அதன் உருவம் ஓதுவார் வழக்கில் மாறிவந்தது. மாறாமல் நம் கைக்கு வந்த ஒலி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கட்டளை.

ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களையும் அவற்றின் சீரளவும் நடையும் நோக்கிப் பல கட்டளைகளாக வகுப்பது பண்டைய முறை. முதல் திருமுறையின் முதல் 22 பதிகங்களும் நட்டபாடை. அவற்றை இசையே இல்லாமல், வெறும் வாயால், அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று நடக்கும், ஒன்று துள்ளும், ஒன்று ஊசலாடும். இந்நடை எந்த ஓதுவாரும் சேர்த்ததன்று, எழுத்திலேயே கிடக்கின்றது. திருவிராகம் என்று வகுக்கப்பட்ட பதிகங்களில் குற்றெழுத்துகள் நெருங்கி ஓடும் ஓட்டத்தை யாரால் மறைக்கமுடியும்? சம்பந்தரின் திருத்தாளச்சதியை வாய்விட்டுப் படிப்பவன் கையால் தாளம் போடாமல் இருப்பது அரிது. நாலடிமேல் வைப்பு, ஈரடிமேல் வைப்பு என்பனவெல்லாம் காதுக்காக அமைந்த கட்டிடங்கள். கறையான் தின்றது போக எஞ்சிய ஏட்டில், எழுத்தோடு எழுத்தாக, ஏழாம் நூற்றாண்டின் ஒலி ஒன்று பிழைத்து வந்திருக்கின்றது. பண்ணைப்பற்றி வழக்காடிக்கொண்டே இதனைக் கைநழுவ விடுகின்றோம்.

எவ்வாறு நழுவ விடுகின்றோம் என்பதற்கு ஆசிரியர்கள் தம் மேசைமேலுள்ள பதிப்பைப் பார்த்தாலே போதும். பொருள் எளிதில் விளங்கவேண்டுமென்று புணர்ச்சியைப் பிரித்து அச்சிடும் வழக்கம் பரவியிருக்கின்றது. படிப்பதற்கு அது நன்று. பாடுவதற்கு? 'வீடுண்டு' என்பதை எடுத்துக்கொள்வோம். வீ, டுண், டு என மூன்று நேரசை, ஒரு சீர், தேமாங்காய். இதனை 'வீடு உண்டு' என்று பிரித்து அச்சிட்டால் தேமா, தேமா என இரண்டு சீராகின்றது; எழுத்தும் ஒன்று கூடுகின்றது. பிள்ளை கண்ணாற் கண்டபடி பாடுகின்றான். சீர் நெரிகின்றது, அதனைச் சரிக்கட்ட எங்கோ ஓரெழுத்தை விழுங்குகின்றான், அல்லது எங்கோ நீட்டுகின்றான். நமக்கோ அது கமகம்போலத் தோன்றுகின்றது.

திருவிருத்தத்தில் இதனைக் கையாலேயே எண்ணிக் காட்டலாம். அது கட்டளைக் கலித்துறை. ஒற்றை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு எழுத்துப் பதினாறு. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் புணர்ச்சி பிரித்த பதிப்பைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். பதினேழும் பதினெட்டும் வந்தன. பிரிக்காத பழம்பதிப்பைக் கொடுத்தேன். பதினாறு வந்ததும் ஒருவன் எழுந்து, 'சார், பாட்டில் பிழையில்லை, புத்தகத்தில்தான் பிழை' என்றான். பயிற்சிக் கல்லூரியில் யாப்பிலக்கணத்தைத் தாளில் அலகிட மட்டும் கற்ற எனக்கு, அதனைக் காதால் அலகிடலாம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

தலமுறைப் பதிப்புகளால் வேறொரு தீங்கு உண்டு. ஊர்வரிசையில் பதிகங்களை அடுக்குவது தலப்பயணம் செல்வார்க்கு உதவும். ஆனால் ஒரே பண்ணும் கட்டளையும் உடைய பதிகங்கள் ஆங்காங்கே சிதறிப்போகின்றன. அவற்றின் ஒற்றுமையைப் பிள்ளை ஒருநாளும் கேளான். பள்ளிக்குப் பண்முறைப் பதிப்பே வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். விருத்தமும் தாண்டகமும் தாளக்கட்டின்றிச் சுத்தாங்கமாகப் பாடுவதற்கு உரியன அல்லவோ, அங்கே சீரைப் பற்றிக்கொண்டு நின்றால் இசை பட்டுப்போகாதோ என்பர். நல்ல தடையே. சுத்தாங்கமாவது தாளக் கருவியின் கட்டிலிருந்து விடுதலை. சொல்லின் கட்டிலிருந்து விடுதலையன்று. தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் இது தெளியும். சீரின் எல்லையில்தான் அவர் குரல் விரிகின்றது. சீரின் உள்ளே அவர் சொல்லைச் சிதைப்பதில்லை. நம் பிள்ளைகள் அவரிடமிருந்து விரிவைக் கற்றுக்கொள்கின்றனர், எல்லையைக் கற்பதில்லை. அது பாடியவர் குற்றமன்று; எதனைக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்காத நம் குற்றம்.

அவ்வாறே, ஓதுவார் மரபின் இராகங்களைக் கைவிடவேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தியதும், விபுலானந்த அடிகள் தம் யாழ்நூலில் தேவாரத்துக்கென ஓர் இயலே வகுத்து 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அதனை அரங்கேற்றியதும் வீண்போகத்தக்க உழைப்பல்ல. அவ்வறிஞர்கள் தேடியது, இழந்ததன் சுவடு. தேடல் முற்றுப்பெறவில்லை என்பதாலன்றோ ஆண்டுக்காண்டு கூடி ஆராய்ந்தனர்? அவர்கள் வினாவாக விட்டதை நாம் விடையாக்கி, மதிப்பெண் தாளில் அச்சிட்டுக்கொண்டோம். இது மரபைக் காப்பதாகாது.

பெரியவரிடம் பின்னர் ஒருநாள் சென்றேன். 'வாத்தியாரையா, எங்கப்பா சொல்லிக்கொடுத்தது இது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா ஒரு எழுத்து விட்டாலும் அடி இடிக்கும், தெரிஞ்சிடும்' என்றார். 'இடிக்கும்' என்று அவர் சொன்னது, காலில் கல் இடிப்பதைச் சொல்வதுபோலவே இருந்தது. திருவிருத்தம் ஏதேனும் தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நான் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்ததும் நான்கு அடியையும் பாடினார். விரல் மடக்கி எண்ணினேன். பதினாறு, பதினாறு, பதினாறு, பதினாறு. அவருடைய மெட்டு சோழர் காலத்து மெட்டு என்று நான் கூறமாட்டேன், அதற்குச் சான்றில்லை. நவரோசுக்கும் அத்தகைய சான்று இல்லை என்பதை மட்டும் நினைவூட்டுவேன்.

நடுவர் தாளைத் திருத்துவது கடினமன்று. சொற்பிழையின்மை, சீர்பிளவாமை, நிறுத்தம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். தாளின் பெரும்பகுதி இவற்றுக்கே உரியதாகவேண்டும். அடுத்து, எடுத்துக்கொண்ட மெட்டில் பிள்ளை தொடக்கமுதல் இறுதிவரை வழுவாது நின்றானா என்பது ஒரு கட்டம். மெட்டு எவரிடம் கற்றது என்பதைப் பிள்ளையே பாடுமுன் கூறட்டும்: இன்ன ஓதுவாரிடம், இன்ன பதிவிலிருந்து, அல்லது என் தாத்தாவிடம். பண்ணின் பெயரையும் அதற்கு வழங்கும் இராகத்தையும் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கவேண்டும். 'ஓதுவார்கள் இதனை இவ்வாறு பாடிவருகின்றனர்' என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். மூவர் பாடிய பண்ணே இது என்று சொல்லிக்கொடுத்தல் ஆகாது.

அச்சிறுமி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கின்றாள். பாட்டனாரின் மெட்டை அவளிடம் கேட்டேன். இரண்டு அடி வந்தது, மூன்றாவது நவரோசில் போய்விட்டது. பெரியவர் இன்னும் பாடுகின்றார். வரும் பள்ளி விடுமுறையில் அவரைப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்திருக்கின்றேன். தத்தம் தோட்டத்தில் இத்தகையோர் இருந்தால், பெயரும் ஊரும் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதும் குறித்துக்கொண்டு ஆசிரிய நண்பர்களும் அவ்வாறே செய்யவேண்டும்.